மின்னல் சொல்லாத வசனம்

சூடேறிய தூசியின் மணம்தான் முதலில் வரும். பிலோமினா அன்ரி வீட்டு ரீவியின் மேல் விரித்திருந்த பின்னல் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், படம் தெளிய முன்னமே பெட்டியின் முதுகிலிருந்து அந்த மணம் எழும்பும். குசினியில் பொரியும் சூடை மீனின் வாடை வந்து அதோடு கலக்கும். துறைமுக மதிலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த அந்த வீட்டின் சீமெந்துத் தரையில், சனிக்கிழமைப் பின்னேரங்களில், நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள் கால்களை மடக்கி உட்கார்ந்திருப்போம். "கிட்டப் போகாதையுங்கோ, கண் அவிஞ்சு போகும்" என்று அன்ரி குசினிக்குள்ளிருந்தே சொல்வார்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் அற்புத சக்தி பெற்ற பிள்ளைகளைப் பற்றிய தொடர் அது. அவர்கள் ஆங்கிலத்தில் கதைப்பார்கள்; கீழே சிங்கள எழுத்து ஓடும். அந்த ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் பெயர்களை நாங்களே வைத்துக்கொண்டோம். கையிலிருந்து ஒளி பாய்ச்சுகிறவள் மின்னல். பறக்கிறவன் பருந்து. மூன்றாமவன் மைல் கணக்கான தூரத்துச் சத்தங்களையும் கேட்கக்கூடியவன், ஆனால் வாய் திறந்து ஒன்றும் கதைக்காதவன். அன்ரியின் மகள் ஸ்டெல்லா அவனுக்கு "ஊமையன்" என்று பெயர் வைத்தாள்.

சிங்களம் வாசிக்கத் தெரிந்தவள் நசீமா ஒருத்திதான். அவளுடைய வாப்பா முன்னர் குருநாகலில் கடை வைத்திருந்தார். நாலாம் வகுப்புவரை அங்கேதான் படித்தாள். ரீவிக்குப் பக்கத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஓடுகிற எழுத்தை வாசித்து, உடனுக்குடன் தமிழில் சொல்வாள். கோபம் வந்தால் கோபமாகவும், அழுகை வந்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் சொல்வாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, ஊதி முடிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

தொடர் முடிந்ததும் சண்டை தொடங்கும். மின்னல் யாரை விரும்ப வேண்டும் என்பதுதான் சண்டை.

"பருந்துதான். அவன் வந்தாலே வீடு வெளிச்சம். ஊமையனிலை என்னடி இருக்கு? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்திடுமோ?" என்பாள் ஸ்டெல்லா.

"உன்ரை பருந்து போன கிழமை கூட்டாளியை விட்டிட்டுப் பறந்தவன். அது வீரனோ?" என்பாள் நசீமா.

"அவனுக்குப் பயம் வந்தது. பயம் வாறதும் குணம்தானே!"

"ஓம், ஓடுறதும் குணம்தான்."

"இந்த வாயைக் கணக்குப் பாடத்திலை காட்டுங்கோ" என்று அன்ரி தேத்தண்ணீரை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "இது ஒரு ஊமைக்கோட்டான். இருக்கோ இல்லையோ எண்டே தெரியாது" என்று சிரிப்பார். பாசமாகத்தான் சொல்வார். ஆனால் ஊமையனைப் பற்றி ஸ்டெல்லா சொல்வதெல்லாம் எனக்கு வந்த தீர்ப்பாகவே என் காதில் விழும். கதைக்கத் தெரியாத ஒன்றை யாராவது விரும்புவார்களா என்பதுதான் அந்த வயதில் என் ஒரே கேள்வி. அதை யாரிடம் கேட்பதென்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் வீடு திரும்பும்போது, மதிலோரமாக நடந்துகொண்டே, நசீமாவிடம் மட்டும் கேட்டேன். "மின்னல் ஊமையனை ஒருநாளும் பார்க்கமாட்டாளோ? நீ சொல்லேக்கை கொஞ்சம் பார்க்கவைக்க ஏலாதோ?"

அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை, ஊமையன் கதவோரம் நிற்கிறான், மின்னல் திரும்பி அவனிடம் ஏதோ சொல்கிறாள். நசீமா மெல்லிய குரலில் வாசித்தாள்: "நீ கதைக்காட்டியும் எனக்குக் கேட்குது."

எனக்குக் காது சூடேறியது. ஸ்டெல்லா, "சீ, இந்த மின்னலுக்கு என்ன விசர் பிடிச்சதே!" என்று கத்தினாள். அதன் பிறகு கிழமைக்கு ஒரு வசனமாக மின்னல் ஊமையன் பக்கம் வந்துகொண்டேயிருந்தாள். ஸ்டெல்லா வாதாட வாதாட, நசீமா அதற்கேற்ற பதிலை அடுத்த கிழமை மின்னலின் வாயில் வைத்தாள். அந்த இரண்டு மாதத்தில் நான் வகுப்பில் கைகூட உயர்த்தியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லாவின் மாமா வந்திருந்தார். துறைமுகத்தில் சிங்களவர்களோடு வேலை செய்கிறவர். கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி சிறிது நேரம் பார்த்தார், நசீமா சொல்வதைக் கேட்டார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எடி பிள்ளை, அவள் 'கதவைச் சாத்திப்போட்டு வா' எண்டெல்லோ சொல்லுறாள்! நீ என்ன காதல் வசனம் விடுறாய்?"

ஸ்டெல்லா எழும்பினாள். "பொய்க்காரி! இவ்வளவு நாளும் எங்களைப் பேய்க்காட்டினனியே?"

நசீமா என்னைப் பார்த்தாள். "நான்தான் கேட்டனான்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொற்கள். நான் ரீவிக்குப் பின்னால் போகிற வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அப்படித்தான் விளங்கினது" என்றாள் நசீமா. எழும்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். கொஞ்சம் மெதுவாகத்தான் மாட்டினாள். எனக்காகக் காத்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது.

பிறகு அவள் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வேறு வாங்கில் போய் உட்கார்ந்தாள். அந்த வருட முடிவில் அவர்கள் கிண்ணியாவில் கடற்கரைப் பக்கம் வீடு எடுத்துப் போனார்கள். தொடர் தொடர்ந்து ஓடியது. வாசித்துச் சொல்ல ஆள் இல்லாததால், வாய்கள் அசைவதை மட்டும் பார்த்தோம். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக்குப் பிறகு, எங்கள் மருந்துக் கடைக்கு வந்த கிண்ணியாப் பெரியவர் ஒருவரிடம் தைரியத்தை வரவழைத்து நசீமா வீட்டாரைப் பற்றி விசாரித்தேன். "அந்தத் தெருவே இப்ப இல்லைப் பிள்ளை" என்றார். அதற்கு மேல் கேட்காமல் மருந்தைச் சுற்றிக் கொடுத்தேன்.

இப்போது அந்தத் தொடர் முழுவதையும் கைப்பேசியில், கீழே தமிழ் எழுத்தோடு பார்க்கலாம். அன்புவழிபுரத்தில் இருக்கும் அக்காவின் மகள்தான் காட்டித் தந்தாள். "சித்தி, இதுக்கு ஒரு குழுவே இருக்கு, பாருங்கோ" என்றாள். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்தெல்லாம் ஆட்கள், பருந்தோடு மின்னலைச் சேர்த்தது சரியா, அவள் குணத்தைப் பாதியில் கெடுத்துவிட்டார்களா என்று எங்கள் சண்டையையே போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாப் பாகங்களையும் பார்த்தேன். மின்னல் ஊமையனிடம் கதவைச் சாத்தச் சொல்கிறாள். ஒருமுறை நேரம் கேட்கிறாள். அவ்வளவுதான். கடைசிக்கு முந்திய பாகத்தில் அவன் எங்கேயோ போய்விடுகிறான், ஒருவரும் தேடுவதில்லை.

இருந்தும் ஒருநாள் அந்தக் குழுவில், என் வாழ்க்கையில் முதல்முறையாக, எழுதினேன்: "அவள் அவனிடம், நீ கதைக்காவிட்டாலும் எனக்குக் கேட்கிறது என்று சொல்வாள்."

கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு பிள்ளை பதில் போட்டது. "அக்கா, அப்படி ஒரு காட்சியே இல்லையே. ஆர் சொன்னது?"

பிலோமினா அன்ரி இல்லை. அந்த வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் ஸ்டெல்லாவுக்கு அந்தத் தொடரே நினைவில்லையாம். அந்த வசனத்தைக் கேட்டவள் என்று இனி நான் ஒருத்திதான்.

பதில் எழுதும் இடத்தில் "நான்தான் கேட்டனான்" என்று எழுதினேன். அந்தப் பிள்ளைக்கு அதில் என்ன விளங்கும்? ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.