கரண்டி முதுகில் குங்குமம்

வெள்ளிச் சாமான் துடைக்க அந்த வீட்டில் வாங்கி வைத்திருந்த களிம்பை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. திருநீறு இருக்க அந்த நாற்றம் எனக்கு எதற்கு? ஈரத்துணியில் கொஞ்சம் தொட்டுத் தேய்த்தால் வெள்ளி பளிச்சென்று வரும். இத்தாலியில், பலேர்மோவில் நான் வேலைக்கிருந்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வைத்தியர், முதல் தடவை அதைப் பார்த்து முகம் சுளித்தார். கரண்டியைத் தூக்கிப் பார்த்த பிறகு அடுத்ததையும் என் பக்கம் தள்ளினார்.

அவருக்கு ஸ்கொட்லாந்து வெள்ளிப் பைத்தியம். இளவயதில் எடின்பரோவில் படிக்கப் போன இடத்தில் பிடித்த பைத்தியமாம். உப்புக் கிண்ணங்கள், இரண்டு காது வைத்த தட்டைக் கிண்ணம், கரண்டிகள், எல்லாம் பழையவை. காம்பின் முதுகில் கோட்டை முத்திரை இருந்தால் எடின்பரோ, மரமும் மீனும் இருந்தால் கிளாஸ்கோ என்று காட்டித் தருவார். நீளக் காம்பு வைத்த ஒரு சின்ன அகப்பையை ‘டொடி’ பரிமாற என்றார். அவர்களுக்கு டொடி என்றால் வெந்நீரும் சீனியும் கலந்த விஸ்கி. எனக்குத் தெரிந்த டொடி பனையில் இருந்து இறக்குவது. கள்ளுக்கு வெள்ளியில் அகப்பையா, இவர்களின் எடுப்பைப் பார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளி இருந்த அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பு குசினி ஆணியில், என் பொறுப்பில் தொங்கியது. அப்போது அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது. வேலை செய்கிற சாமானுக்குப் பொட்டு வைக்க வேண்டும் அல்லவா? என் சாமான் எது? வாரம் முழுக்க நான் மாரடித்த அந்த வெள்ளிதான். வைத்தியர் தூங்கும்போது ஒவ்வொன்றின் முதுகிலும், முத்திரைக்கு மேலே, குழைத்த குங்குமம் வைத்தேன். பிறகு துடைத்தாலும் அந்தச் சின்னக் கோட்டைக் கோடுகளுக்குள் சிவப்பு தங்கிவிட்டது. கண்டுபிடித்தவர், “என் கரண்டிகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டீர்களா, சிநியோரா?” என்று சிரித்தார். நல்ல மனுசன் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு அவரிடம் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. கணவர் போன பிறகு மகளை யாழ்ப்பாணத்தில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள் நான். மகளை இங்கே கூப்பிட்டுக்கொள்ள, எனக்கு வேலை தருபவரின் கையெழுத்து வேண்டும். கிறிஸ்மஸ் முடியப் போடுகிறேன் என்றிருந்தார்.

அதற்குள் அலுமாரியில் இடைவெளிகள் விழத் தொடங்கின. முதலில் ஒரு உப்புக் கரண்டி, பிறகு அந்த அகப்பை. வெல்வெட்டில் அதன் பள்ளம் மட்டும் கிடந்தது. பக்கத்து ஊரான பகேரியாவில் இருந்து வந்த வைத்தியரின் மகள் அலுமாரியைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். பலேர்மோவிலும் மாஃபியாவுக்கு எதிராகத் தெருமுனையில் பட்டாளம் துவக்கோடு நின்ற வருடங்கள் அவை. துவக்கு எனக்கு ஊரிலேயே பழக்கம். அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆட்களும் போய்க் கும்பிடுகிற கத்தோலிக்கப் புனிதையின் மலைக்கோயிலில் மகளுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, பழஞ்சாமான் சந்தைப் பக்கமாக இறங்கினேன். ஒரு கடையில் அகப்பை கிடந்தது. திருப்பினேன். கோட்டைக்குள் என் குங்குமம்! ஆர் கொண்டுவந்தது என்று கேட்டேன். கடுகு நிறக் கோட்டுப் போட்ட ஒரு சிநியோர் என்றான் கடைக்காரன். வியாழக்கிழமைகளில் சாப்பிட வரும் வைத்தியரின் மகன் அந்தக் கோட்டைத்தான் கழற்றிக் கதிரையில் போடுவான்.

மடைச்சி நான், நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்று ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். “வேறு யாரிடமும் சொன்னீர்களா?”

“இல்லை, தொத்தோரே.”

“சொல்ல வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை காலை, மறுநாள் பொலிசைக் கூட்டிக்கொண்டு வருவதாக வைத்தியரின் மகள் தொலைபேசியில் அவரிடம் சொன்னாள். நான் வழக்கம்போலத் திருநீறும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வைத்தியர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை.

“அந்தச் சிவப்பை அழிக்காதீர்கள். நாளைக்கு அது இருக்கட்டும். கடையில் இருப்பதிலும் அதுதானே இருக்கிறது. யார் வைத்தது என்று கேட்பார்கள். நீங்கள் உண்மையைச் சொன்னால் போதும்.”

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. திறப்பு என் கையில், குங்குமம் என் குங்குமம். அந்தக் கடுகு நிறக் கோட்டைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

“எனக்கு ஒரே மகன், சிநியோரா,” என்றார் மிக மெதுவாக.

பத்திக்கொண்டு வந்தது. “எனக்கும் ஒரே மகள்தான்!” என்று கத்தினேன். அவருக்கு முன்னாலேயே பல்துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கோட்டையாக, ஒவ்வொரு மீனாகத் தேய்த்தேன். அவர் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். நான் தேய்த்து என்ன? வெளியே போனதை எப்படித் துடைப்பது? ஓடினால் கள்ளி என்பார்கள், இருந்தால் கள்ளி ஆக்குவார்கள். திறப்பை மேசையில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பிரான்காச்சோ பஸ் ஏறினேன், அங்கே ஒரு சிநேகிதியின் அறைக்கு.

“பொலிஸ் வந்து கேட்டால் என்னடி சொல்ல?” என்றாள் அவள்.

“நான் இஞ்சை இல்லை எண்டு சொல்லு.”

ஒருவரும் வரவில்லை. அதுதான் கொடுமை. மணி அடித்தால் கதவுக்குப் பின்னால் நின்றேன். பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் நின்றபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் கடதாசியை இரண்டாம் முறை புரட்டியதும் நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். ஞாயிறுகளில் கடைகடையாகக் கரண்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த அகப்பை பிறகு கண்ணில் படவேயில்லை.

வேறொரு சிநியோராவின் கையெழுத்தில் மகள் வந்து சேரச் சில வருடங்கள் போயின. விமான நிலையத்தில் அவள் என்னைத் தாண்டி வேறு யாரையோ தேடினாள்.

அந்த வருடப் பூசைக்குத் தன் பள்ளிப் புத்தகங்களை அடுக்கிவிட்டு, குங்குமம் குழைத்துக்கொண்டு வந்தாள். “அம்மா, உங்கடை வேலைச் சாமான் எங்கை?”

“எனக்கு ஒண்டும் வேண்டாம். அங்காலை போ.”

சொன்னால் கேட்கிற பிள்ளையா? “கையாலைதானே வேலை செய்யிறியள்,” என்று என் புறங்கையில் ஒரு பொட்டு வைத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகமுன் அதைத் தோல் எரியும்வரை தேய்த்துக் கழுவினேன்.