செல்வி அக்காவுக்கு நான் மாற்றிச் சொன்ன முடிவு

செல்வி அக்கா போய்விட்டார். காலையில் ஃபேக்டரி வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்.

இங்கே மலேசியாவில், ராவாங் ஃபேக்டரியில் எங்கள் பேக்கிங் லைன் லீடர். எங்கள் ஊர் புக்கிட் செந்தோசாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் தினமும் என் பக்கத்து சீட். வாய் ஓயாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மகள் கவிதாவுக்குப் பதினாறு வயசு, நான்காம் படிவம். ஸ்கூலில் ஓர் ஆங்கில நாவல் கொடுத்தார்கள். அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

"நீ படிச்சிட்டு பஸ்ல எனக்குக் கதை சொல்லுலா. எம்புள்ள என்ன படிக்குதுன்னு எனக்கும் தெரியணும்."

ஹிட்லர் காலத்துக் கதை. ஒரு யூதக் குடும்பத்தை ரயிலேற்றி முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். ஏழு வயசு மகளோ ஊர் சுற்றப் போகிறோம் என்று நினைக்கிறாள். அவள் கவலையெல்லாம் வீட்டில் விட்டுவந்த பூனைதான். பால் வைக்கச் சொல்லி பக்கத்து வீட்டுத் தோழியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்தத் தோழி யூதப் பிள்ளை இல்லை. ஆனாலும் தினமும் பால் வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

காலையில் நான் பஸ் ஏறியதும் அக்காவின் முதல் கேள்வி, "அந்தப் புள்ள இன்னும் பால் வைக்குதா?"

கடைசி அத்தியாயத்தில் சிறுமி திரும்பி வரவே இல்லை. அக்கா முகத்தைப் பார்த்தேன்... முடியவில்லை. "போர் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டாக்கா. பூனை ஓடிவந்து காலைச் சுத்துச்சு" என்று அள்ளிவிட்டேன்.

அன்றைக்கு லைனில் எல்லாருக்கும் அக்கா செலவில் நாசி லெமாக் சாப்பாடு.

ஒரு வாரத்தில் குட்டு உடைந்தது. அந்த நாவலிலிருந்து ஐந்து நன்னெறிகள் எழுதி வரச் சொன்னார்களாம். எழுதும்போது கவிதா உண்மையான முடிவைச் சொல்லிவிட்டாள்.

ஐயோ, மறுநாள் எனக்கு விழுந்த ஏச்சு! "நான் என்ன சின்னப் புள்ளையா? செத்த புள்ளைய உயிரோட இருக்குன்னு சொல்றியே, அப்புறம் அதுக்கு யாருலா அழுவுறது?"

ராவாங் வரைக்கும் அழுதார். நானும்தான்.

இறங்கும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அஞ்சு நன்னெறியாம்! பச்சப்புள்ள செத்துக் கெடக்கு. அந்தப் பால் வச்ச புள்ள பேர எழுதுனா பத்தாதா?"

கவிதா அதைத்தான் எழுதினாள். மார்க் போட்டார்களா என்று நான் கேட்கவே இல்லை.

உடம்பு சரியில்லாமல் லீவில் இருந்த அக்காவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் போன மாசம் வந்தது. போன் பண்ணினேன். "எல்லாம் கிளியர்லா. அடுத்த மாசம் வந்துடுவேன், என் சீட்ட எவளுக்கும் குடுத்துடாத" என்று சிரித்தார்.

நம்பிவிட்டேன். அதான் வரப்போகிறாரே என்று ஒரு நடை போய்ப் பார்க்கக்கூட இல்லை... பாவி.

இன்று வீட்டுக்குப் போனேன். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ரிப்போர்ட் நல்லா இல்லக்கா. அம்மாதான் உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. 'அவ தாங்க மாட்டா, கதையில செத்ததையே சொல்ல முடியாதவ'ன்னாங்க."

அக்கா... நான் என்ன சின்னப் புள்ளையா?

போய்ட்டு வாங்க. உங்க சீட்டு காலியாதான் இருக்கு. நான் அழுதுகிட்டுதான் இருக்கேன்.