எல்லைச் சாவடியில் அப்பா

அப்பாவின் அஸ்தியை ஸ்ரீரங்கத்தில் காவிரியில் கரைக்க வேண்டும். அதைப் பஸ்ஸில் எடுத்துப் போகக் கூடாது என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னதால், டிரைவரோடு ஒரு வாடகைக் கார் பிடித்தேன். புதுச்சேரியில் ரெட்டியார்பாளையம் தாண்டியதும் டிரைவர் பங்க்கில் நிறுத்தினார்.

“இங்கியே ஃபுல் பண்ணிக்கிறேன் சார். தமிழ்நாட்டுல டீசல் ரேட்டு ஜாஸ்தி.”

தலையாட்டினேன். சிவப்புத் துணியால் வாய் கட்டிய மண்கலயம் என் மடியில் இருந்தது. அழுகை வரவில்லை, பசிக்கவும் இல்லை. பங்க்கில் மீட்டர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழுப்புரம் சாலையில், எல்லைச் சோதனைச் சாவடியில் காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். புதுச்சேரியிலிருந்து யாராவது சரக்கு கடத்துகிறார்களா என்று பார்ப்பது வழக்கம்தான். போலீஸ்காரர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

“மடியில இன்னா சார்?”

“எங்க அப்பா,” என்றேன்.

அவர் முகம் மாறியது. “கிண்டலா? அவுருங்க துணிய.”

வேறொரு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அன்று சொன்னபடி முடிச்சை அவிழ்த்தேன். எட்டிப் பார்த்தவர் சட்டென்று பின்வாங்கி, போகும்படி கைகாட்டினார்.

கார் நகர்ந்ததும் முடிச்சைத் திரும்பப் போட்டேன். திருச்சியிலிருக்கும் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம், மாமாவுக்கென்று ஒரு பிராந்தி பாட்டிலை வேட்டிக்குள் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, இதே சாவடியைப் பஸ்ஸில் தாண்டுவார் அப்பா. அத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக மாட்டிக்கொண்டார்.