படத்தில் இருக்கும் பஜ்ஜிக் கடை

எங்கள் ஊர் ஏரிக்கரையில் தள்ளுவண்டி வைத்துப் பஜ்ஜியும் மீன் வறுவலும் விற்கும் பெண்மணி, அரசு முத்திரை குத்திய ஒரு படத்தில் நிற்கிறார். இந்த மலையில் அப்படி நிற்பவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அந்தப் படம் அச்சானதும் என் கடையில், லேமினேஷன் ஆனதும் என் கடையில். அதன் வரலாற்றை எழுத வேறு யாரும் முன்வராததால் நானே எழுதுகிறேன்.

நான் கணியம்பாடிப் பக்கத்து ஆள். கல்யாணமான வருஷம் மலையேறி வந்து பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டேன். கூட்டமில்லாத நேரத்தில் புத்தகம் படிப்பேன். அன்றன்று நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைப்பேன். ஊரில் ஒரு தகராறு வந்தால், எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று கேட்க என்னிடம் வருவார்கள். நான் சரியாகச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு தகராறு பெரிதாகும்.

பொங்கல் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, சென்னையிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம். அவர் அச்சடிக்கக் கொடுத்த தாளில் இருந்து திட்டத்தின் பெயரைத் தெரிந்துகொண்டேன்: பண்பாட்டையும் சமூகத்தையும் இணைக்கும் நகர்ப்புற நீர்முகப்புக் கலை வளாகம். நகர்ப்புறம் என்பது எங்கள் ஊர். நீர்முகப்பு என்பது ஏரிக்கரை. கலை எது என்பதைப் பிறகு சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அன்று என்னைவிட ஆவலாக அந்தத் திட்டத்தை வரவேற்றவர் யாரும் இல்லை. பழைய துறைமுகக் கிடங்குகளை ஓவியக்கூடங்களாக மாற்றி, ஆற்றங்கரையில் நாடகம் போட்டுப் பிழைத்துக்கொண்ட வெளிநாட்டு ஊர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். எங்களிடம் துறைமுகம் இல்லை. புளிக் கிடங்கு ஒன்று இருந்தது. ஏரியில் இரண்டு அன்னப் படகுகள் இருந்தன, ஒன்றுக்குக் கழுத்து இல்லை. எங்காவது தொடங்கத்தானே வேண்டும். மேலும், வளாகத்தில் 'ஊர் வரலாற்று அறை' என்று ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கட்டடம் ஒன்று வரப்போவதாகவும், அதில் என் குறிப்புகளை வைக்கலாம் என்றும் அவர் சொன்னார். அன்று இரவு என் மனைவியிடம் நான் சற்று அதிகமாகப் பேசினேன்.

ஏரி எத்தனை நூற்றாண்டு பழமையானது என்று கேட்டார். பஞ்ச காலத்தில் கூலிக்குத் தானியம் கொடுத்துக் கரை போட்ட ஏரி இது, மண் சுமந்தவர்கள் சிலர் இன்னும் சாப்பிட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள், போய்க் கேட்கலாம் என்றேன். அவர் கவனமாகக் குறித்துக்கொண்டார். பிறகு வந்த கையேட்டில் 'மக்கள் நினைவில் தொன்மையானது' என்று இருந்தது. அதில் பொய் ஏதும் இல்லை.

சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சுவர் முழுக்க ஒரே பெரிய வண்ணப் படம். ஏரி கடலைப்போல நீலமாக இருந்தது. கரையில் அகலமான படிக்கட்டு, கல் பாவிய முற்றம், எஃகில் செய்த ஏதோ ஒன்று, தண்ணீரை ஒட்டி ஓட்டுக் கூரையோடு வரலாற்று அறை. ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறீர்கள் என்று வடிவமைப்பாளர் கேட்டார்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளியின் முகத்துக்கு நேரே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். 'நல்லாத்தான் கீதுங்க' என்பார்கள், 'பாத்துக்கலாங்க' என்பார்கள். வேண்டாம் என்பதை விருந்தாளி போன பிறகு, வழியில் பார்க்கும் மூன்றாவது ஆளிடம் சொல்வார்கள். ஒருவர் விடாமல் எழுந்து நல்லாத்தான் கீதுங்க என்றார்கள். ஒருமித்த வரவேற்பு என்று எழுதிக்கொண்டார். அந்த மூன்றாவது ஆள் நான்தான். அடுத்த ஒரு வாரம் என் கடையில் நல்ல கூட்டம்.

அன்று வழக்கத்தை மீறியவர் பஜ்ஜிக் கடை அம்மா. எழுந்து போய்ப் படத்துக்கு நெருக்கமாக நின்றார்.

"மேடம், இதுல என் கடை எங்க கீது?"

இப்போது அவர் வண்டி நிற்கும் இடத்தில் கலைஞர் முற்றம் வரும் என்றும், உணவுக் கடைகள் அடுத்த கட்டத்தில் ஏலம் விடப்படும் என்றும் வடிவமைப்பாளர் பொறுமையாக விளக்கினார். ஏலம் என்ற சொல் அந்தக் கூடத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத ஒன்று. பஜ்ஜிக் கடை அம்மா படத்தில் இருந்த மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் முடி வைத்த ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். ஒருவர் நாயைச் சங்கிலியில் பிடித்திருந்தார். ஒரு குழந்தை கையில் பலூன்.

"இவங்கள்லாம் யாரு? எந்த ஊரு?"

"அவங்க யாரும் இல்லைங்க. கட்டடம் எவ்வளவு உயரம்னு தெரியறதுக்காக, ஒரு அளவுக்காகப் போடுறது."

"ஏன், எங்க அளவு ஒத்து வராதா?"

கூடம் சிரித்தது. புதூர்நாட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர் பின்னால் இருந்து, "அக்கா அளவுக்கு எடுத்தா ஏரியப் பெருசாக்கணும் மேடம்" என்றார்.

"டேய், உன் ஜீப்பு தள்ளுறப்ப மட்டும் இந்த அளவு வேணுமா?"

வடிவமைப்பாளரும் சிரித்தார். நல்ல மனுஷி. தவறு தன்னுடையது, அடுத்த படத்தில் ஊர் மக்களையே போடுகிறேன் என்று சொல்லி, அன்று சாயங்காலமே கேமராவோடு ஏரிக்கரைக்குப் போனார். பஜ்ஜிக் கடை அம்மா ஜல்லிக்கரண்டியை உயர்த்திப் பிடித்து நின்றார். பச்சைப் புடவை, அரக்கு பார்டர். ஜீப் ஓட்டுகிறவர் தலை சீவிக்கொண்டு வந்து நாலு விதமாக நின்றார். படகுத்துறைக் காவலாளி நின்றார். நானும் போயிருந்தேன், சும்மா.

மாசி மாதம் திருத்திய படம் என் கடைக்கு மின்னஞ்சலில் வந்தது. வண்ணத்தில் எடுத்துத் திட்ட அலுவலகத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். தாள் இயந்திரத்திலிருந்து மெதுவாக வெளியே வரும்போதே பார்த்தேன். சைக்கிள் பெண் இருந்தாள், நாய்க்காரர் இருந்தார். ஊர்க்காரர்கள் என்று இருந்தது பஜ்ஜிக் கடை அம்மாவும் அவர் வண்டியும் ஒரு ஆடும். படிக்கட்டின் அடியில், தண்ணீரை ஒட்டி, வண்டியோடு பெரிதாக நின்றிருந்தார். முன் படத்தில் வரலாற்று அறை இருந்த இடம் அது.

போன் போட்டேன். வடிவமைப்பாளர் தயங்காமல் சொன்னார்: "அறை இருக்கு சார். அவங்களுக்குப் பின்னாடி."

நான் படத்தைச் சாய்த்துப் பார்த்தேன். அச்சுத் தாளைச் சாய்த்தால் பின்னால் இருப்பது தெரியாது என்பது ஜெராக்ஸ் கடைக்காரனுக்குத் தெரியாததல்ல.

ஜீப் ஓட்டுகிறவர் ஒரு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை. "ஆடு கீது, நான் இல்ல. ஆடு இன்னா போஸா குடுத்துச்சு?" என்று பஸ் நிலையத்தில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

படத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்து கரையோரக் கடைகளைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு ஒட்டினார்கள். இளநீர்க் கடை போனது, பொரிக் கடை போனது. பஜ்ஜிக் கடை அம்மாவுக்கு வேறு பிழைப்பு இல்லை. கொல்லைமேடு கொஞ்சம் உண்டு. அதில் விளையும் சாமை வீட்டுக்கே காணாது. மகள் மலையடியில் நர்சிங் படிக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முடிந்ததும் என் கடைக்கு வந்தார்.

"அண்ணா, அந்தப் படத்த எனக்குப் பெருசா எடுத்துக் குடு. சீல் போட்டது."

"எதுக்கும்மா? மாட்டி வைக்கவா?"

"மாட்டத்தான். யாரு மாட்டுறாங்கன்னு பாக்கலாம். சீலு நல்லா தெரியணுண்ணா. என் மூஞ்சி தெரியலன்னாலும் பரவால்ல."

அலுவலகம் பத்துப் பிரதி கேட்டு என்னிடம் கொடுத்திருந்த, கையெழுத்தும் முத்திரையும் கொண்ட தாளே இருந்தது. ஊர் பார்க்க அறிவிப்புப் பலகையில் ஒட்டியதுதான், ரகசியம் ஒன்றும் இல்லை. பெரிதாக எடுத்து, குமிழி விழாமல் லேமினேஷன் செய்து கொடுத்தேன். அந்த இடத்தில் என் அறை இருந்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்றும் பார்த்துக்கொண்டேன்.

காலி செய்ய வந்த காலையில் நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அதிகாரி, காண்ட்ராக்டர், ஒரு ஜேசிபி. பஜ்ஜிக் கடை அம்மா பச்சைப் புடவை கட்டி, ஜல்லிக்கரண்டியைப் பிடித்து, வண்டிக்கு முன்னால் படத்தைத் தொங்கவிட்டு நின்றிருந்தார். படத்தில் எப்படியோ நேரில் அப்படி.

அதிகாரி படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "இது சும்மா படம்மா. அழகுக்குப் போட்டது."

"கீழ இருக்குற சீலும் அழகுக்குப் போட்டதுங்களா?"

"அப்படி இல்ல..."

"கையெழுத்து உங்களுதுங்களா சார்?"

அது அவருடையதுதான். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருப்பதை எடுத்துவிட்டால் திருத்திய வரைபடம் வேண்டும், திருத்தினால் கோப்பு மறுபடியும் சென்னைக்குப் போகும், போன கோப்பு எப்போது வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காண்ட்ராக்டர் அவர் காதில் ஏதோ சொன்னார். அதிகாரியின் முகம் தெளிந்தது.

"சரிம்மா. படத்துல நீங்க இங்க இல்லையே. கீழ, தண்ணிகிட்ட இல்ல இருக்கீங்க?"

எல்லோரும் படத்தைப் பார்த்தோம். உண்மைதான்.

"அங்கயே போறேங்க" என்றார் அவர், ஒரு நொடியும் யோசிக்காமல். "தள்ளுறதுக்கு ஆள் குடுங்க."

ஜீப் ஓட்டுகிறவர் முதலில் வந்து வண்டியைப் பிடித்தார். காண்ட்ராக்டரின் ஆட்களும் பிடித்தார்கள். கீழே வெறும் சேறு. வண்டிச் சக்கரம் புதைந்தது. வரைபடத்தில் இருக்கும் ஒரு பொருள் சேற்றில் புதைவது சரியில்லை என்று அதிகாரிக்கே தோன்றியிருக்க வேண்டும். அந்த இடத்துக்கு முதலில் கல் பாவச் சொன்னார். இப்படியாக எங்கள் கலை வளாகத்தின் கட்டுமானம் பஜ்ஜிக் கடையிலிருந்து தொடங்கியது.

அதோடு ஏறத்தாழ முடியவும் செய்தது. படிக்கட்டும் கல் தரையும் வந்தன. எஃகு உருவத்துக்குக் கால்கள் மட்டும் வந்தன. அது பறவையா மரமா என்று இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு, ஆடுகள் முதுகு தேய்த்துக்கொள்கின்றன. மற்றவை இரண்டாம் கட்டம் என்றார்கள். ஆடி மாதம் மேலிடத்துக் குழு ஒன்று பார்வையிட வந்து, படத்தையும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்தது. பஜ்ஜிக் கடை அம்மா பச்சைப் புடவையில் இருந்தார். படமும் இடமும் பொருந்துகின்றன என்று குழுவில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். காவலூர் வானாய்வு நிலையத்தைப் பார்க்க வருகிறவர்கள் இப்போது இங்கேயும் வண்டியை நிறுத்துகிறார்கள். கலை வளாகம் எங்கே என்று கேட்டால், "நாந்தாங்க. உக்காருங்க, சூடா கீது" என்கிறார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரி ஏறியது. முதலில் கல் தரையின் ஓரம் நனைந்தது, பிறகு வண்டிச் சக்கரம், பிறகு அடுப்பு வைக்கும் பலகை. கொஞ்சம் மேலே புங்கமரத்தடி காய்ந்து கிடந்தது. ஆனால் படத்தில் இருக்கும் இடத்தில் நின்றால் மட்டும்தான் அவர் திட்டம். ஒரு அடி தள்ளினாலும் ஆக்கிரமிப்பு. கணுக்கால் தண்ணீரில் நின்று பஜ்ஜி போட்டார். இரண்டாவது வாரம் நனைந்த புடவையோடு என் கடைக்கு வந்தார்.

"அண்ணா, அந்த மேடத்துக்கு ஒரு மெயில் போடு. என்னக் கொஞ்சம் மேல தள்ளி வெக்கச் சொல்லு. மரத்தடியில."

"ஆபீஸ்ல சொல்லிப் பாத்தியா?"

"சொன்னேன். படத்த மாத்திக்கினு வான்றாங்க."

நான் அன்றே எழுதினேன். விளக்கமாக, மழை எப்போது தொடங்கியது, தண்ணீர் எப்போது எதுவரை வந்தது என்று வரிசையாக எழுதினேன். அவர் தள்ளி நின்றால் பின்னால் இருப்பது தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வடிவமைப்பாளர் வேறு ஊரில் வேறு ஏரிக்குப் போய்விட்டிருந்தார். இருந்தும் மறுநாளே அன்பான பதிலும் புதிய படமும் அனுப்பினார். பஜ்ஜிக் கடை அம்மா கடையில் காத்திருக்க, நான் அதை அச்சிட்டேன். அவர் வண்டியோடு மரத்தடியில், கால் நனையாமல், அழகாக நின்றிருந்தார். முன்பு அவர் நின்ற இடத்தில் புல் இருந்தது. புல்லில் ஆடு.

எங்கள் ஊரில் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போனவர், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாத எங்கள் வழக்கத்தை நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்.

பஜ்ஜிக் கடை அம்மாவுக்கு வேறு கவலை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல சீல் இல்லியேண்ணா."

"அதுக்கு இது சென்னைக்குப் போய் வரணும்."

"வர்றதுக்குள்ள ஏரி வத்திடும்." தாளை என் மேசையில் வைத்தார். "பழைய படமே இருக்கட்டும். தண்ணி வடியுற வரைக்கும் மரத்தடியில நிக்கிறேன். யார்னா வந்தா, வந்தவங்க மொதல்ல அந்தத் தண்ணியில எறங்கி என் எடத்தக் காட்டட்டும்."

அப்படித்தான் ஆனது. அதிகாரி ஒரு மழை நாளில் வந்தார். புங்கமரத்தடியில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டபடி, படத்தில் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். "பாத்துக்கலாங்க" என்றார் பஜ்ஜிக் கடை அம்மா. அதிகாரி தண்ணீரைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார், இன்னொரு பஜ்ஜி கேட்டார்.

முத்திரை இல்லாத புதிய படம் தனக்குப் பயன்படாது என்று பஜ்ஜிக் கடை அம்மா என்னிடமே விட்டுப் போயிருந்தார். மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருக்கிறேன். கார்த்திகையில் ஒருநாள் எண்ணெய்ப் பாக்கெட் வாங்கப் போகிற வழியில் உள்ளே வந்தவர், அதைக் குனிந்து பார்த்தார்.

"உன் ரூமு எங்கண்ணா? எனக்குப் பின்னாடி கீதுன்னு சொன்னியே."

"இல்லம்மா. ஆடுதான் இருக்குது."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. ஏதோ தன்னால் நேர்ந்தது போலப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"தண்ணி வடியட்டும். நான் மறுபடி உன் ரூமுக்கு முன்னாடியே போய் நின்னுக்கறேண்ணா."