இரண்டு வேண்டுதல், ஒரே குழந்தை

நோய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் படித்தேன். குழப்பம் வந்தால் என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அந்த வருஷம் எனக்கு வந்தது குழப்பம். அது எப்படித் தீர்ந்தது என்பதை, முருகனைக் கும்பிடுகிற உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். திருப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தேன். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனி நடத்தினார். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலைந்து நிட்டிங் மிஷின் ஓடும். மகள் வள்ளிக்கு நாலு வயது. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், வீட்டையும் பார்ப்பார், கம்பெனியில் தையலுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற பெண்களையும் பார்ப்பார்.

ஆஸ்பத்திரிக்கு ரங்காத்தாள் என்று ஒருத்தி வருவாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வருவாள். வயிற்றுப்போக்கு. மருந்து கொடுப்பேன், சரியாகும். அடுத்த மாதம் அதே பிள்ளையைத் தூக்கி வருவாள். ஒருநாள் கேட்டாள்.

"டாக்டரம்மா, உங்க மருந்து நல்லாத்தானுங்க கேக்குது. அப்பறம் ஏனுங்க இது திலுப்பித் திலுப்பி வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை விட, பதில் சொல்வது என் வேலை என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வாரம்தான் மேற்படிப்புக்கு இரண்டு மனு போட்டேன். ஒன்று சென்னையில் பிரசவ மருத்துவம். இன்னொன்று கல்கத்தாவில் பொது சுகாதாரம். இரண்டும் கிடைக்காது என்று நினைத்துத்தான் போட்டேன். சித்திரை மாதம் இரண்டும் கிடைத்துவிட்டன.

அத்தைக்குச் சென்னைப் படிப்பில் மறுப்பே இல்லை. சென்னை ராத்திரி ரயிலுக்கு எட்டுகிற ஊர். கல்கத்தா என்றதும் முகம் மாறிவிட்டது.

"பொது சுகாதாரம்னா என்ன அம்மிணி?"

"ஊருக்கு நோய் வராம பாக்கறதுங்க அத்தை. தண்ணி, சாக்கடை, அம்மை குத்தறது எல்லாமுங்க."

"சாக்கடையா? இங்க பொம்பளைக பிரசவத்துக்குப் பொம்பளை டாக்டர் இல்லாம தவிக்கறாங்க. நீ ஒரு வருசம் கொழந்தையையும் உட்டுப் போட்டு, அத்தனை தூரம் போயி சாக்கடை படிக்கணுமாக்கு?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என் கஷ்டம். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் கேட்டேன். "அதைப் படிச்சா கையில ஸ்டெதாஸ்கோப்பே இருக்காதும்மா, பைலுதான் இருக்கும்" என்று சிரித்தார். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் அம்மிணி" என்றார். எது சரியென்று தெரியாமல்தானே அவரிடம் போனேன்! காலையில் எழுந்தால் கல்கத்தா சரி என்று தோன்றும். சாயங்காலம் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுக் கை கழுவும்போது சென்னை சரி என்று தோன்றும். வள்ளியின் தலையை வாரும்போது இரண்டுமே வேண்டாம் என்று தோன்றும்.

வைகாசியில் எங்கள் பக்கத்து வீதிகளில் காலரா வந்தது.

கிணறுகள் அடிவரைக்கும் வற்றியிருந்த காலம். ஆஸ்பத்திரி நிறைந்து, தாழ்வாரத்தில் பாய் போட்டோம். சலைன் பாட்டிலை மாட்ட இடம் போதாமல் ஜன்னல் கம்பியில் கட்டினோம். கண் குழிந்து, பேச்சு அடங்கி வருவார்கள். பாட்டில் ஏற ஏற உயிர் திரும்பும். ஒவ்வொருவர் கண் திறக்கும்போதும் எனக்குப் பெருமையாக இருக்கும். அவர்களை வீட்டுக்கு அனுப்புவோம். அதே வீட்டிலிருந்து இன்னொருவர் வருவார்.

வீட்டில் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அத்தையும் அப்படியே செய்தார். ஆனால் வள்ளி கொட்டகைக்கு ஓடிப்போய், கம்பெனி ஆட்கள் குடிக்கிற பானையில் மொண்டு குடித்திருக்கிறாள். பொதுக் கிணற்றுத் தண்ணீர். ஒருநாள் காலையில் வாந்தி எடுத்தாள். மத்தியானத்துக்குள் துணி மாதிரித் துவண்டுவிட்டாள். என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், பின்னாலேயே அத்தை.

பெரிய டாக்டர் அன்று பல்லடம் பக்கம் போயிருந்தார். நான்தான் பார்க்க வேண்டும். கையில் நரம்பு தேடினேன். கிடைக்கவில்லை. கணுக்காலில் தேடினேன். உடம்பில் நீர் வற்றிவிட்டால் நரம்பு ஒட்டிப்போகும். அதுவரை எத்தனையோ குழந்தைகளுக்கு ஏற்றியிருக்கிறேன். என் குழந்தைக்கு இடம் பிடிபடவில்லை. குத்தினேன், தவறியது. மறுபடி குத்தினேன், தவறியது. அவள் அழக்கூட இல்லை. அதுதான் பயம்.

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். "முருகா, இவளைக் கொடுத்துவிடு. இவளை விட்டு நான் எங்கேயும் போகவில்லை." இவ்வளவுதான் சொன்னேன். அழகாக வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்து கணுக்காலில் வைத்தேன். ஏறிவிட்டது. குழாயில் ரத்தம் லேசாகத் திரும்பி வந்து, சலைன் இறங்கத் தொடங்கியது. நர்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு "சாமி, சாமி" என்று முணுமுணுத்தாள். அந்த நரம்பு அதற்கு முன்னாலும் அங்கேதானே இருந்தது? இதை நான் டாக்டராகவும் யோசித்துப் பார்த்திருக்கிறேன், தாயாகவும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

பொழுது சாய்வதற்குள் வள்ளி கண் விழித்தாள். "அப்பாயி எங்க?" என்றாள். அவள் அப்பாயி என்று கூப்பிடுவது அத்தையைத்தான். தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த வாரமே நகராட்சி ஆட்கள் வந்து அந்தப் பொதுக் கிணற்றை மூடினார்கள். கம்பெனிப் பானைக்கு வேறு தண்ணீர் வண்டியில் வந்தது. எங்கள் பக்கம் நோய் சட்டென்று குறைந்தது. பாய்கள் காலியாயின. நான் ராப்பகலாகப் பாட்டில் மாற்றியதில் அது நிற்கவில்லை. ஒரு கிணற்றை மூடியதில் நின்றுவிட்டது! ரங்காத்தாளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அப்போது விளங்கியது. கல்கத்தாவுக்குப் போய் எதைப் படிக்க வேண்டும் என்பதும் விளங்கியது.

ஆனால் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே. போக வேண்டாம் என்று நினைத்தபோது வழி திறந்திருந்தது. போகத்தான் வேண்டும் என்று தெரிந்தபோது நானே கதவைச் சாத்தியிருந்தேன். ஆண்டவன் என்னிடம் என்ன சொல்கிறான் என்று ஒன்றும் பிடிபடவில்லை.

வாக்கு வாக்குதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன்.

"அத்தை, நான் படிப்புக்கு எங்கேயும் போகலீங்க. வள்ளிக்காக வேண்டிக்கிட்டனுங்க."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அத்தை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ, அப்பிடிச் சொல்லாத அம்மிணி! நான் சாமிகிட்ட வேறல்ல சொல்லிப் போட்டேன்!"

"என்னன்னுங்க?"

"நீ உள்ள ஊசி போட்டுட்டு இருக்கையில, 'என்ற பேத்தியக் குடுத்துரு சாமி, என்ற மருமக ஆசைப்பட்ட படிப்புக்கு நானே அனுப்பி வெக்கறேன், இனிக் குறுக்க நிக்க மாட்டேன்'னு சொன்னனே!"

 என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரே நேரத்துல, ஒரே சாமிகிட்ட, ஆளுக்கொரு பக்கமா இழுத்தா, அவரு என்னதான் பண்ணுவாரு?"

சிரிக்கத்தான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை பிழைத்துவிட்டது. எந்த வேண்டுதலுக்குப் பிழைத்தது? நான் போனால் என் வாக்குப் பொய். போகாவிட்டால் அத்தையின் வாக்குப் பொய். சாமி குற்றம் எந்தப் பக்கமிருந்து வருமோ என்று வள்ளி தும்மினால்கூட இருவருக்கும் பயம்.

ஆனி மாதக் கிருத்திகையன்று எல்லோரும் முருகன் மலைக்கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்பது என்று முடிவு செய்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நான் போக வேண்டும். சிவப்பு வந்தால் இருக்க வேண்டும். பூசை செய்கிற பண்டாரம் இரண்டு இலைப் பொட்டலத்தை வைத்துவிட்டு வள்ளியைப் பார்த்தார்.

"சாமியக் கும்பிட்டுட்டு ஒண்ணு எடு கண்ணு."

வள்ளி கும்பிட்டாள். இரண்டு கையையும் நீட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுதான் கண்ணு எடுக்கோணும்."

"ரெண்டும் எனக்குத்தான்" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பண்டாரம் தலையைச் சொறிந்தார். "இத்தனை வருசத்துல எந்தக் கொழந்தையும் இப்பிடிப் பண்ணுனதில்லீங்க. எனக்கே புரியிலீங்க. மறுக்கா வெச்சுப் பாக்கலாமுங்களா?"

"வேண்டாமுங்க" என்றார் அத்தை. "குடுத்தது இதுதான்னா இதுதானுங்க."

நான் உடைந்துபோனேன். தெளிவு கேட்டு வந்த இடத்திலும் குழப்பம்தானா? படியிறங்கும்போது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றுவிட்டேன். அத்தை இரண்டு படி கீழே போனவர் திரும்பி வந்தார்.

"அம்மிணி, அன்னைக்கி சாமிகிட்ட என்ன வார்த்தை சொன்னே? மாத்தாமச் சொல்லு."

"'இவளை விட்டு நான் எங்கேயும் போகலை'ன்னு சொன்னனுங்க."

"ஊர உட்டுப் போகலைன்னு சொன்னியா?"

"இல்லீங்க."

"படிக்கப் போகலைன்னு சொன்னியா?"

"இல்லீங்க அத்தை."

"அப்பறம் என்ன? இவள உட்டுப் போட்டுத்தானே போகக் கூடாது? கூட்டிட்டுப் போ. நீ பள்ளிக்கூடம் போற நேரத்துக்கு இவளப் பாத்துக்க ஆளு வேணும். நானும் வாறேன்."

 பழனிக்கு அப்பால் ரயிலேறாத மனுஷி. கல்கத்தா எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரியாது.

"அங்க பாஷை தெரியாதுங்களே அத்தை."

"பேசாம இருந்துட்டுப் போறேன். ஒரு வருசந்தானே?"

என் வீட்டுக்காரர், "அப்ப எனக்குச் சோறு?" என்றார். "தங்கச்சி ஊட்டுல போயித் தின்னு" என்று சொல்லிவிட்டு அத்தை வள்ளியைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

உண்மையைச் சொல்கிறேன். அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சாமியிடமே வழக்காடுகிறோமோ? தப்பித்துக்கொள்கிறோமோ? ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த அவசரத்தில் அப்படி ஒரு வார்த்தையை என் வாயில் வைத்தது யார்? பிடிவாதக்காரரான அத்தையின் மனசை அதே நிமிஷம் திருப்பியது யார்? நாங்கள் இருவரும் எதிரெதிராக இழுத்ததாக நினைத்தோம். அவன் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தான்.

ஆடி பிறப்பதற்குள் கிளம்பினோம். கல்கத்தாவில் ஒரே அறை. அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்பிலும் பொடியிலும் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிக் கொடுப்பார். பேசாமல் இருப்பேன் என்றவர், மீனில்லாத கறிகாய்க் கடை தேடி, அங்கிருந்த வங்காளத்துப் பெண்ணிடம் நம் ஊர்ப் பேச்சிலேயே பேசிப் பழகிவிட்டார். அவளும் அவள் பாஷையில் பதில் சொல்வாள். எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

படிப்பில் எனக்கு முதலில் தலை சுற்றியது. டாக்டர்களோடு இன்ஜினியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் குடிநீர்க் குழாய், ஒருநாள் பிறப்பு இறப்புக் கணக்கு, ஒருநாள் நகராட்சிச் சட்டம், ஒருநாள் ஆட்களை வைத்து எப்படி வேலை வாங்குவது என்ற நிர்வாகப் பாடம். நான் படித்த வைத்தியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பல நாள் விழித்தேன். சாயங்காலம் அத்தை கேட்பார், "இன்னைக்கி என்ன சொல்லிக் குடுத்தாங்க அம்மிணி?" அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்ப்பேன். சொல்லச் சொல்ல எனக்கே புரிந்துவிடும். சாக்கடை என்று முகம் சுளித்தவர் கடைசியில், "இதையெல்லாம் ஏன் உங்குளுக்கு மொதல்லயே சொல்லித் தராம உட்டுட்டாங்க?" என்று கோபப்பட்டார்.

ஊர் திரும்பி நகராட்சிச் சுகாதார வேலையில் சேர்ந்தேன். கிணறு கிணறாகப் போய் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னேன். "தண்ணியில பனியன் வெளுக்கற மருந்து வாசம் வருதுங்க" என்று பெண்கள் திட்டினார்கள். அம்மை குத்தப் போனால் கதவைச் சாத்தினார்கள். ஸ்டெதாஸ்கோப் பெட்டிக்குள் போய்விட்டது, பெரிய டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் வைகாசி வந்தும் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் நிம்மதியை யாரிடம் சொல்வேன்? நோய் வராதவர்கள் யாரும் வந்து நன்றி சொல்வதில்லை. நான்தான் போய் முருகனுக்குச் சொல்கிறேன். கிருத்திகைதோறும் சொல்கிறேன்.

பிரசவம் பார்க்க ஊருக்கு ஆள் வேண்டுமே என்ற அத்தையின் கவலை நியாயமானது. எனக்கு அடுத்து வந்த பெண் டாக்டர்கள் அதைப் படித்து வந்தார்கள். எல்லாவற்றையும் என் ஒருத்தி தலையில் சுமத்த அவன் நினைக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது இரண்டு வழிக்கு நடுவில் நிற்கலாம். தெளிந்த பிறகு சாமியிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். என்ன கேட்பது என்று தெரியாமலேயே போங்கள். வார்த்தை தப்பாக வந்தாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டில் உங்களுக்கு எதிராக நிற்கிறவர் பக்கத்திலேயே கும்பிட்டுக்கொண்டிருந்தால், அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.