தேதி தாண்டிய பசை

மூடியைத் திறந்ததும் புளித்த மாவும் ஈரச் சாக்கும் கலந்தாற்போல் ஒரு வாடை வந்தது. உள்ளே மரப்பசை, ஆறிப்போன கேழ்வரகுக் களிபோல் ஒரே கட்டியாகக் கிடந்தது. டப்பாவில் அச்சிட்டிருந்த தேதியைப் படித்து, காலாவதியாகி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது என்று 'நைனா'விடம் சொன்னேன். அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

"தேதி போட்டது கடைக்காரனுக்கும்மா. பசைக்கு இன்னா தெரியும்?" என்றார், தறியை விட்டு எழாமலே.

அப்போது நான் ஆரணியில் ஒன்பதாம் வகுப்பு. கைத்தொழில் வகுப்பில் ஆளுக்கொரு ஸ்டூல் செய்ய வேண்டும். ஆணி கூடாது, பசை மட்டும். தலைமையாசிரியை உட்கார்ந்து பார்ப்பார். நன்றாகத் தாங்கும் ஸ்டூலைச் செய்தவள் தெள்ளாரில் நடக்கும் கண்காட்சிக்குப் போகலாம். வீட்டார் இல்லாமல் ஒரு பஸ் பயணம்! அதற்காகவே ஒரு மாதம் இழைப்புளி தள்ளியிருந்தேன்.

நைனா, தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போட வைத்திருந்த அரிசிக் கஞ்சியில் கொஞ்சம் மொண்டுவந்து பசைக்கட்டியில் ஊற்றிக் கிளறினார். "பட்டையே நிக்க வக்கிது, கட்டைய நிக்க வக்காதா?"

மறுநாள் காலை ஸ்டூல் நிற்கத்தான் செய்தது. தலைமையாசிரியை உட்கார்ந்தார். நான் மூன்று எண்ணுவதற்குள் நான்கு கால்களும், அப்போதுதான் பிறந்த கன்றின் கால்களைப்போல, நான்கு பக்கம் மெதுவாக விலகின. அவர் கௌரவம் குறையாமல், உட்கார்ந்த வாக்கிலேயே தரைக்கு வந்து சேர்ந்தார்.

"எதைப் போட்டும்மா ஒட்டுன?"

"தேதி முடிஞ்ச பசைங்க மிஸ். கொஞ்சம் பாவுக் கஞ்சியுங்க."

"தெரிஞ்சேவா என்னை உக்கார வச்ச?"

தெள்ளாருக்கு வேறொருத்தி போனாள். நான் கழன்ற ஸ்டூல் கால்களை இரண்டு நாள், நைனாவின் கண்ணில் படும்படி தறியருகே போட்டுவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நைனா சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு, நாமளே போய்ப் பாத்துகினு வரலாம்" என்றார்.

"சனிக்கிழமையோட முடியுதுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு நைனா."

"தேதி முடிஞ்சா ஒடனே பந்தல பிரிச்சிடுவானா?"

பிரித்துவிட்டிருந்தார்கள். கடைசி மூங்கிலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நைனா அந்த வெறும் மைதானத்தை, அதைப் பார்க்கத்தான் வந்தவர்போல், ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "நல்லா காத்தோட்டமா கீது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆளுக்கு இரண்டு போண்டா தின்றுவிட்டுத் திரும்பினோம்.

நைனா இப்போது இல்லை. பள்ளியில் அந்த வகுப்பும் இல்லை; அந்த அறையில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. நான் தேதி பார்க்காமல் எங்கும் கிளம்புவதில்லை. போகிற இடத்திலெல்லாம் பந்தல் சரியாகவே நிற்கிறது. அன்றுபோல் சிரித்துக்கொண்டு மட்டும் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.