வீட்டைக் குறைக்கப் போய் வந்த அடிதடி

இந்த வருஷம் புதிதாக எதுவும் வாங்குவதில்லை, வீட்டில் இருப்பதில் பாதியைக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். இன்று காலை சமையல் பாத்திரங்களை இலவசம் என்று ஒன்லைனில் போட்டேன்.

அரை மணியில் ஓர் இளம்பெண் வந்தாள். மதுரைக்காரி. கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது.

"தனியா ரூம் எடுத்திருக்கேன் அக்கா. சோறு வடிக்க ஒரு பானைகூட இல்ல."

பெட்டியைக் கொடுக்கும்போதே வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அவளுடைய கணவன். இறங்கிய வேகத்தில் அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தலையைக் கார்க் கதவில் மோதினான். பாத்திரங்கள் சிதறின. நெற்றியிலிருந்து இரத்தம் வழிந்தது.

"விடடா அவளை!" என்று கத்தினேன். மறுபடி மோதினான்.

கீழே கிடந்த பித்தளை இடியப்ப உரலை எடுத்து அவன் முழங்கையில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். பக்கத்து வீட்டுக்காரர் அழைத்த பொலிஸ் வரும்வரை உரலை நான் கீழே வைக்கவில்லை.

அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் நெற்றியில் துணியை அழுத்தியபடி குனிந்து மூடிகளைப் பொறுக்கினாள்.

"இதெல்லாம் இன்னும் எனக்குத்தானே அக்கா?"

"ஓம் பிள்ளை, எல்லாம் உமக்குத்தான்."

அவளுக்கு வேறு இடம் பார்த்தாயிற்று. எங்கே என்று கேட்காதீர்கள். அங்கே கட்டில்தான் இல்லை. யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், மாசிப் பக்கமோ பென்ரோஸ் பக்கமோ, இந்த நகரில் எங்கே என்றாலும் நானே வந்து எடுப்பேன். எங்களுடையதைப் போன கிழமைதான் கொடுத்துத் தொலைத்தேன்.